பந்தும் ஊரும் (11): ஏழாவது ஆட்டத்துக்கு வந்தவர்

கண்டி டவுனில் ஒருவர் "இன்றைக்கு மெட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால், எந்த விளையாட்டு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது நித்தவலையில் நடக்கும் றக்பி ஆட்டமாகத்தான் இருக்கும். 1874இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் தாய்மண் நித்தவலை. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதலாவது றக்பிப் போட்டியும் இந்த ஊருக்கே சொந்தம். 1906 ஆகஸ்டில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிய அந்த ஆட்டம் 6–6 எனச் சமநிலையில் முடிந்தது. தொண்ணூறுகளிலிருந்து கழக றக்பியில் கண்டி கட்டியாண்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஜெயித்துப் பழக்கம். கண்டிக் கழக வீரர் பாசில் மரிஜா பந்தைக் கையில் எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று மேட்டில் நின்றபடியே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

உதைபந்தாட்டத்தை நேசிக்கும் கண்டிக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆடுவதற்கு ஆள் குறைவு என்பதல்ல காரணம். போகம்பறையில் ஆடுகிறார்கள், நாவலப்பிட்டி ஜயதிலக மைதானத்தில் ஆடுகிறார்கள், கம்பளையில் ஆடுகிறார்கள். தோட்டங்களில் லயத்துக்குக் கீழே சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலங்களில், பந்து பள்ளத்தில் உருண்டால் ஓடிப்போய் எடுத்து வர ஒரு சிறுவனை நிறுத்திவைத்துக்கொண்டும் ஆடுகிறார்கள். ஆனால் தேசிய அளவில் பேசப்படும் கழகங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ரினவுன், சோண்டர்ஸ், கொழும்பு எப்.சி., இராணுவம், விமானப்படை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு தேநீர்க்கடையை நிரப்பி, தோற்றால் இரவுச் சாப்பாட்டை இறங்கவிடாமல் செய்கிற ஒரு மலைநாட்டுக் கழகம் இன்னும் உருவாகவில்லை. அதனால் இங்குள்ளவர்கள் தங்கள் பாசத்தைத் தூரத்துக் கழகங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், பார்சிலோனா என்று அந்தப் பட்டியல் நீளும். கடல் தாண்டிச் சென்னையைப் பார்ப்பவர்களும் உண்டு.

தூரத்து ரசிகர்களிடமும் பக்கத்து ரசிகர்களிடமும் ஒரே மாதிரி ஊறிக்கிடக்கிற ஓர் ஏக்கத்தைப் பற்றியது இந்த வாரத்துக் கதை. கழகம் சரிந்து கிடக்கும். பருவத்தின் நடுவில் பழைய பயிற்றுவிப்பாளர் போய்ப் புதியவர் ஒருவர் வருவார். சில வாரங்களில் அதே வீரர்கள் வேறு மனிதர்களாக ஆடத் தொடங்குவார்கள். அந்தச் சில வாரங்கள் ஒரு ரசிகனின் நெஞ்சில் கிண்ணங்களைவிட ஆழமாகத் தங்கிவிடுகின்றன. பிறகு கழகம் மறுபடி சரியும்போதெல்லாம் அவனுக்குத் தேவைப்படுவது அந்த ஆள்தான், அந்த வாரங்கள்தான். தமிழ் பேசும் உலகத்தில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் சென்னையில் இருக்கிறது. அதன் பெயர் ஓவன் கொய்ல்.

2018 மார்ச்சில் பெங்களூரு எப்.சி.யை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வென்று, சென்னையின் எப்.சி. இரண்டாவது தடவையாக இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. பயிற்றுவிப்பாளர் ஜோன் கிரெகரி, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் அஸ்டன் வில்லாவை நடத்தியவர். அடுத்த பருவத்தில் அதே கழகம் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளோடு பட்டியலின் கடைசியில் நின்றது. ஒரே வருடத்தில் உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு. இருந்தும் கிரெகரியைக் கழகம் வைத்துக்கொண்டது.

2019–20 பருவம் கோவாவில் 0–3 தோல்வியோடு தொடங்கியது. பிறகு மும்பையோடு 0–0, கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 0–1, பெங்களூருவிடம் 0–3. நான்கு ஆட்டங்கள் முடிந்தும் சென்னை ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 25, சென்னை நேரு விளையாட்டரங்கில், புதிதாக வந்த ஹைதராபாத்தோடு. தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் அந்த்ரே ஷெம்ப்ரி ஒன்றைப் போட்டார். அரங்கம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே ஹைதராபாத் ஒரு கோர்ணரில் சமன் செய்தது. மக்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அடுத்த நிமிடத்தில் லித்துவேனியாவைச் சேர்ந்த நெரியஸ் வால்ஸ்கிஸ் மீண்டும் பந்தை வலைக்குள் தள்ளினார். 2–1.

அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள் இன்றும் முதலில் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான். கிரெகரியின் கையில் இருந்த கடைசி வெற்றியும் அதுவே. மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு 2–2. ஆறு ஆட்டங்கள், ஐந்து புள்ளிகள். மாத முடிவில் கிரெகரி விலகினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் வந்த கொய்லின் பெயரைப் பெரும்பாலான சென்னை ரசிகர்கள் இங்கிலாந்துப் பிரிமியர் லீக் வழியாக அறிந்திருந்தார்கள். ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். பெற்றோரின் வேர் அயர்லாந்தில், அதனால் அயர்லாந்துக்காக ஒரேயொரு சர்வதேச ஆட்டம் ஆடியவர். 2009இல் பேர்ன்லி என்ற சின்ன ஊரின் கழகத்தை 33 வருடங்களுக்குப் பிறகு முதற்பிரிவுக்கு ஏற்றியவர். அந்த ஓகஸ்டில் ரொபி பிளேக் காற்றிலேயே உதைத்த ஒரு கோலால் மான்செஸ்டர் யுனைடெட்டை பேர்ன்லி 1–0 என வென்றதைக் கண்டியின் யுனைடெட் ரசிகர்களும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பருவத்தின் நடுவிலேயே, 2010 ஜனவரியில், பேர்ன்லியை விட்டுவிட்டுத் தான் முன்பு விளையாடிய போல்டனுக்குப் போய்விட்டார் கொய்ல். பேர்ன்லி அந்த வருடமே கீழிறங்கியது. தோளில் தூக்கிக் கொண்டாடிய ஊரே அவரைத் துரோகி என்று ஏசியது. போல்டனும் 2012இல் பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கியது. பிறகு விகன், அமெரிக்காவின் ஹூஸ்டன், பிளக்பேர்ன், ஸ்கொட்லாந்தின் ரொஸ் கவுண்டி என்று எங்குமே வேரூன்றாத பல வருட அலைச்சல். சென்னைக்கு வந்து இறங்கியவர் அப்படிப்பட்டவர். சரிந்துகிடந்தது கழகம் மட்டுமல்ல.

அவர் பொறுப்பேற்ற முதல் ஆட்டம் பருவத்தின் ஏழாவது ஆட்டம். ஜம்ஷெட்பூரோடு 1–1. அடுத்து கேரளா பிளாஸ்டர்ஸை 3–1 என வென்றார்கள். பிறகு கோவாவிடம் 3–4 எனத் தோல்வி, 2020 ஜனவரி 6இல் ஒடிசாவிடம் 0–2 என இன்னொரு தோல்வி. கணக்கைக் கூட்டினால் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள். கொய்லின் முதல் நான்கு ஆட்டங்களில் கிடைத்தவை நான்கே புள்ளிகள்.

ஏக்கம் வெட்டி எறிந்துவிடுகிற பகுதி இதுதான். சென்னை ரசிகர்கள் அந்தக் காலத்தை விவரிக்கும்போது, கொய்ல் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே அணி பறக்கத் தொடங்கியதுபோலச் சொல்வார்கள். உண்மையில் ஒரு மாதத்துக்கு மேல் பொறுமை தேவைப்பட்டது. ஜனவரி 6 இரவில் அவரைப் பதவியிலிருந்து தூக்கச் சொல்லியிருந்தால் புள்ளிப்பட்டியல் அதற்கு இடம்கொடுத்திருக்கும். கழகம் அவசரப்படவில்லை. அந்த நிதானத்துக்குரிய மரியாதையை யாரும் சரியாகக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அதன் பின்னர் லீக்கில் தோல்வியே இல்லை.

எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு சமநிலை. ஹைதராபாத்தில் 3–1. வடகிழக்கு யுனைடெட் 2–0. ஜம்ஷெட்பூர் 4–1. பெப்ரவரி 1ஆம் திகதி கொச்சியில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னைக்கும் கேரளாவுக்கும் இடையிலான ஆட்டம் தென்னிந்தியாவின் பரம்பரைப் போட்டி. கொச்சியின் மஞ்சள் சட்டைக் கூட்டம் எப்படிப்பட்டது என்று உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே இடைவேளைக்கு முன்னரே சென்னை மூன்று கோல்கள் முன்னிலை. இரண்டாம் பாதியில் கேரளாவின் பார்த்தலோமியு ஒக்பேச்சே தனியாளாக ஹெட்ரிக் அடித்துத் துரத்தினார். ஆனாலும் சென்னை நிற்கவில்லை. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. முடிவில் 6–3. நவம்பரில் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலுக்குத் தவித்த அணி அது.

வீரர்கள் யார் என்று பார்ப்பது முக்கியம், ஏனெனில் அவர்கள் மாறவில்லை. பிரேசிலின் ரபேல் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், மோல்ட்டாவின் ஷெம்ப்ரி, பின்களத்தில் லூசியன் கோயனும் எலி சபியாவும், கோலுக்குள் விஷால் கைத், நடுக்களத்தில் அனிருத் தாப்பா, ஓரத்தில் மிசோரமிலிருந்து வந்த வேகக்காரர் லாலியன்சுவாலா சாங்தே. எல்லோரும் கிரெகரியின் கீழும் இருந்தவர்கள்தான். உதவிப் பயிற்றுவிப்பாளராகத் தமிழ்நாட்டின் முன்னாள் முன்கள வீரர் சையத் சபீர் பாஷா இரண்டு காலத்திலும் இருந்தார். தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்குக் கொய்ல் செய்ததைக் கவ்வாத்து என்று சொன்னால் உடனே புரியும். செடியைப் பிடுங்கவில்லை, புதுக் கன்று நடவில்லை. எங்கே வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்று பார்த்து வெட்டினார்.

நெய்வேலிப் பையன் எட்வின் சிட்னி வன்ஸ்போலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்திய வருடம் சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக்கை வென்றபோது வலதுபக்கப் பின்கள வீரராக அறியப்பட்டவர். கொய்லின் கீழ் அவர் நடுக்களத்தில் தாப்பாவின் பக்கத்தில் நின்று, எதிரணியின் பந்தைப் பறித்துக் கொடுக்கும் வேலையை ஓய்வில்லாமல் செய்தார். அவர் ஓடியதால் கிரிவெல்லாரோ ஓடத் தேவையில்லாமல் போனது. முன்களத்துக்குப் பின்னால் சுதந்திரமாக உலாவி, தலையை நிமிர்த்தி, சாங்தே எந்தப் பக்கம் பாய்கிறார் என்று பார்க்க அந்தப் பிரேசில்காரருக்கு நேரம் கிடைத்தது. வால்ஸ்கிஸ் பருவத்தை 15 கோல்களோடு முடித்து, அதிக கோல் அடித்தவருக்கான விருதை எடுத்தார். பெரிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொருவரையும் அவரவருக்குப் பொருந்தும் இடத்தில் நிறுத்தி, தவறினால் உடனே வெளியே உட்காரவைக்க மாட்டேன் என்று உறுதி கொடுப்பதே பெரும்பகுதி வேலை. அது சுலபம்போலத் தெரியும். சுலபமென்றால் கிரெகரியே செய்திருப்பார்.

லீக் சுற்றின் முடிவில் நான்காவது இடத்துக்கு மும்பை சிட்டியோடு நேரடிப் போட்டி. மும்பையிலேயே ஆட்டம். 83ஆவது நிமிடத்தில் ஒரே கோல், அடித்தவர் கோயன். அவர் அதற்கு முன் மும்பை சிட்டியின் தூணாக நின்றவர். 29 புள்ளிகளோடு சென்னை அரையிறுதிக்குள் நுழைந்தது.

2020 பெப்ரவரி 29. நேரு விளையாட்டரங்கில் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த கோவாவுக்கு எதிராக அரையிறுதியின் முதல் ஆட்டம். இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு கோயன், தாப்பா, சபியா, சாங்தே என்று இருபத்தைந்து நிமிடத்துக்குள் நான்கு. கோவா கடைசியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. 4–1. மறு ஆட்டத்தில் கோவா 21 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுக் கழுத்தைப் பிடித்தது. சாங்தேயும் வால்ஸ்கிஸும் மீட்டார்கள். 2–4 எனத் தோற்றும் 6–5 என்ற கூட்டுக் கணக்கில் சென்னை இறுதிக்குப் போனது.

இறுதியாட்டம் மார்ச் 14, கோவா பட்டோர்டா அரங்கில். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. ஆயிரக்கணக்கான காலி ஆசனங்களுக்கு முன்னால் ஏ.டி.கே. 3–1 என வென்றது. டிசம்பரில் கீழே கிடந்த அணியை மார்ச்சில் இறுதியாட்டம் வரை கொண்டுவந்த கொய்லுக்குக் கைதட்ட ஒரு சென்னை ரசிகன்கூட அங்கே இல்லை.

இங்கே காலண்டரைக் கவனிக்க வேண்டும். கொரோனாக் காலத்தின் இரண்டு பருவங்களையும் லீக் முழுவதுமாகக் கோவாவில், பெரும்பாலும் ரசிகர்கள் இன்றி நடத்தியது. சென்னை நேரு விளையாட்டரங்கில் கழகம் மீண்டும் இறங்கியது 2022 ஒக்டோபரில். அதாவது சென்னை ரசிகர்கள் தங்கள் ஊரில் கண்ணால் பார்த்த கடைசி ஆட்டமாக அந்த 4–1 இரண்டரை வருடத்துக்கு மேல் இருந்தது. அதற்கு மேல் வேறொரு நினைவு வந்து படியவேயில்லை. இடையில் ஒரு சுமாரான வெற்றியும், மழையில் நனைந்த ஒரு சமநிலையும், கோபத்தோடு வீட்டுக்குப் போன ஓர் இரவும் வந்திருந்தால் கொய்லின் காலம் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கியிருக்கும். அது நடக்கவில்லை. ரசிகனின் கண்ணுக்குள் கொய்ல் பூட்டிய நிலையிலேயே இருந்தார்.

வெளியே காலம் நகர்ந்தது. 2020இல் அவர் ஜம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். பேர்ன்லிக்காரர்கள் அனுபவித்ததைச் சென்னைக்காரர்களும் அனுபவித்தார்கள். 2021–22இல் ஜம்ஷெட்பூர் 43 புள்ளிகள் எடுத்து லீக்கின் முதலிடக் கேடயத்தை வென்றது. சென்னைக்கு அந்த இடைவெளியில் ஹங்கேரியின் சாபா லாஸ்லோ வந்தார், மொண்டிநீக்ரோவின் போசிதார் பாந்தோவிச் வந்தார், ஜெர்மனியின் தொமஸ் பிரதாரிச் வந்தார். மூன்று பயிற்றுவிப்பாளர்கள், மூன்று பருவங்கள். மூன்றிலும் கழகம் எட்டாவது இடம். தோல்விகூட ஒரு ரசிகனுக்குப் பேச விஷயம் கொடுக்கும். தொடர்ந்து எட்டாவது என்பது எதையும் கொடுக்காது. அந்த வெறுமையில்தான் "கொய்ல் இருந்திருந்தால்" என்ற பேச்சு பழக்கமாகிப் போனது.

2023 ஜூலையில் கேட்டது கிடைத்தது. ஸ்கொட்லாந்தின் குவீன்ஸ் பார்க்கில் இருந்துவிட்டுக் கொய்ல் சென்னைக்குத் திரும்பினார். கிரிவெல்லாரோவும் திரும்பினார். நீலச் சட்டைக்காரர்களின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அந்தப் பருவத்தில் கழகம் ஆறாவது இடம்பிடித்து, நான்கு வருடங்களின் பின் மீண்டும் வெளியேற்றச் சுற்றுக்குள் வந்தது. எதிரே அதே கோவா. இம்முறை 1–2 எனத் தோற்று வெளியேறியது. மறுபருவம் பதினோராவது இடம். 2025இல் கொய்லும் கழகமும் பிரிந்தார்கள்.

இதைச் சுட்டிக்காட்டி, ஏக்கத்தை நம்பினால் இப்படித்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயமான தீர்ப்பு. ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தது பொய்யல்ல; அந்த எட்டு ஆட்டங்களும் நடந்தவை. திரும்பி வராதவை வேறு: இருபத்திரண்டு வயதுத் தாப்பா, சாங்தேயின் அந்தப் பருவத்துப் பாய்ச்சல், வால்ஸ்கிஸின் பதினைந்து கோல்கள். கொய்லைத் திரும்ப அழைத்துவர ஓர் ஒப்பந்தம் போதும். 2020 ஜனவரியில் ஓர் உடைமாற்றும் அறைக்குள் பதினைந்து இருபது பேர் ஒரேநேரத்தில் தங்களை நம்பத் தொடங்கியதை எந்த ஒப்பந்தத்தாலும் அழைத்துவர முடியாது.

சரிந்த அணி எழுவதற்குப் புதியவர் ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அதே சென்னை 2015இல் பட்டியலின் அடியில் கிடந்தபோது கழகம் மார்க்கோ மத்தராசியை மாற்றவில்லை. 2006 உலகக் கிண்ண இறுதியில் ஸிடானின் தலைமுட்டை நெஞ்சில் வாங்கிய அதே இத்தாலியர். அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியைப் பூனேயில் ஆடினார்கள், 3–0 என வென்றார்கள். டிசம்பர் 20இல் கோவாவில் நடந்த இறுதியில் 90ஆவது நிமிடம் தொடங்கும்வரை 1–2 எனப் பின்னால் நின்ற அணி, கோவாவின் கோல்காப்பாளர் கைதவறித் தன் வலைக்குள்ளேயே விட்ட பந்தாலும், மேலதிக நேரத்தில் ஸ்டீவன் மெண்டோசா போட்ட கோலாலும் 3–2 எனக் கிண்ணத்தை எடுத்தது. வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருந்த ஒரு நகரத்துக்கு அது எப்படிப்பட்ட இரவாக இருந்திருக்கும்!

கண்டியின் மான்செஸ்டர் ரசிகர்களுக்கு இந்தக் கதையின் இன்னொரு வடிவம் மனப்பாடம். 1986 நவம்பரில் அலெக்ஸ் பேர்கசன் வந்தபோது யுனைடெட் 22 அணிகளில் 21ஆவது. முதல் கிண்ணத்துக்கு 1990 வரை, லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எந்தக் கழகம் அவ்வளவு பொறுக்கும்? 2018 டிசம்பரில் ஜோசே மொரீனியோவை அனுப்பிவிட்டு, 1999இன் இறுதி நிமிடக் கோலுக்காக வணங்கப்படும் ஓலே குன்னர் சோல்ஸ்கியாரைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள். தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெற்றி. பழைய பொற்காலமே வந்துவிட்டதென்று 2019 மார்ச்சில் நிரந்தரப் பதவி கொடுத்தார்கள். அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களில் அணி தடுமாறி, லீக்கில் ஆறாவதாக முடித்தது. அவரையும் 2021 நவம்பரில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் ரசிகன் தேடுவது அந்த முதல் எட்டு ஆட்டங்களின் சூட்டைத்தான்.

ஆனால் நம் வீட்டு வாசலிலேயே ஒரு கதை நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டி போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தியது. அந்த ஓகஸ்ட் வரை நமது தேசிய அணிக்கு ஆடவே அனுமதியில்லை. உலகத் தரப்படுத்தலில் இருநூறுக்கும் கீழே கிடந்த அணி அது. 2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல்முத்தைரி பொறுப்பேற்றார். 2021இல் நேபாளத்தைத் தெற்காசியக் கிண்ண இறுதிக்குக் கொண்டுபோனவர். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் முன்னோடி ஆட்டங்களில் கம்போடியாவோடு கொழும்பில் 0–0, நொம்பென்னில் 2–2. பெனால்டி உதைகளில் இலங்கை வென்றது. 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயைக் கொழும்பில் 3–1 எனத் தோற்கடித்தது.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலைத் தமிழ் வாசகர்கள் ஒருதடவை படித்துப் பார்க்க வேண்டும். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், புலம்பெயர் மண்ணில் வளர்ந்த பரத் சுரேஷ், லண்டனில் பயின்ற டிலன் டி சில்வா, ஜெர்மனியின் தொழில்முறை லீக்கில் ஆடிய குளோடியோ கமர்க்னெக்ட். ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள், தாய் தகப்பன் பிறந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கொய்லுக்குக் கையில் இருந்ததை வைத்து ஆடவேண்டியிருந்தது. அல்முத்தைரிக்கு உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்ததைச் சேர்க்கவேண்டியிருந்தது. உள்ளூர் லீக் ஒழுங்காக நடக்காமல் இந்த எழுச்சி எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. போகம்பறையிலும் நாவலப்பிட்டியிலும் ஆடுகிற பையனுக்கு அந்த அணிக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். மாவட்ட லீக்குகள் வருடாவருடம் தவறாமல் நடந்தால், ஒரு தகுதியான பயிற்றுவிப்பாளருக்கு மூன்று நான்கு வருடம் கொடுத்தால், மலைநாட்டுக்கென்று ஒரு கழகம் எழும்ப முடியாது என்று யார் சொன்னது? றக்பியில் அதைச் செய்து காட்டிய ஊர் இது.

சென்னையில் கொய்லின் நாற்காலிக்கு 2025இல் கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் கிளிபர்ட் மிராண்டா வந்தார். லீக்கின் வணிக உரிமைச் சிக்கலால் அந்த வருடம் போட்டிகள் உரிய காலத்தில் தொடங்கவில்லை. கழகம் சரிந்த நாட்களில் ரசிகனுக்குப் பட்டியலாவது இருந்தது. அந்தத் தடவை பல மாதங்களுக்கு அதுவும் இருக்கவில்லை.

(அடுத்த இதழில்: வடசென்னையின் குட்டி பிரேசில், வியாசர்பாடி)